தொப்பூர்க் கணவாயில் அக்கா திரும்பிப் பார்க்காத நாள்

அக்காவின் அடக்கத்தன்று எங்களோடு நின்று அழுதவர்கள் நீங்கள். இன்று ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கும் வந்திருக்கிறீர்கள். அக்காவைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்று என்னிடம் இருக்கிறது. இவ்வளவு நாள் வாய் திறக்கவில்லை.

அக்கா பிறந்தது தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். வாழ்க்கைப்பட்டதும் ஒரு சுரங்கத் தொழிலாளிக்கே. மாமாவின் நெஞ்சைக் கல்தூசி தின்ற பிறகு இருவரும் பெங்களூருக்கு, நீலசந்திராவுக்கு வந்தார்கள். பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் தையல் மிஷின் மிதித்து அக்காதான் குடும்பத்தைத் தாங்கினார். அவர் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை, என்னை அதட்டும் நேரம் தவிர.

மாமா ஜெபமாலை சொன்னால் வீடே சிரிக்கும். கோயிலில் ஜெபமெல்லாம் புதுத் தமிழுக்கு மாறி எத்தனையோ காலமாகியும், அவர் மட்டும் "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்றே பதில் சொல்வார். நடுவில் ஓர் இருமல் வரும். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டவர், நடக்காமலே போய்ச் சேர்ந்தார். அந்த நேர்ச்சை தீரும்வரை அவர் ஆத்துமா வழியிலேயே நிற்கும் என்று அக்கா நம்பினார். மறு வருடம் காவி உடுத்தி, அவருக்குப் பதிலாக ஒரு நடைக்கூட்டத்தோடு நடக்கக் கிளம்பினார். துணைக்கு நான் போனேன். பக்தியெல்லாம் இல்லை. அக்கா சொல்லைத் தட்டிவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டித் தொப்பூர்க் கணவாயில் இறங்கினோம். உச்சி வெயில். மேலே எங்கோ லாரி கவிழ்ந்ததில் சாலையில் வண்டியே இல்லை. ஒரு காக்கைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. "பேகா வாங்கம்மா, பேகா!" என்று கன்னடம் கலந்து அவசரப்படுத்திக்கொண்டே கூட்டத் தலைவர் கீழ் வளைவில் மறைந்தார். அக்காவின் முட்டி வீங்கி, கொப்புளங்கள் உடைந்திருந்தன. மைல்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"முடியலடா. வேனைக் கூப்பிடு."

மூட்டை முடிச்சு ஏற்றிவரும் வேனில் ஒருதரம் ஏறினாலும் நேர்ச்சை முறிந்தது என்பது எங்கள் கூட்டத்துக் கட்டுப்பாடு.

"அப்ப மாமா?" என்றேன்.

"நின்ன எடத்துலயே நிக்கட்டும். நான் என்னடா பண்ணுவேன்?"

மாமாவின் அடக்கத்தில்கூட அழாத அக்கா, அங்கே உட்கார்ந்து ஓவென்று அழுதார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு வழி தெரியாமல் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினேன். முதல் பாதி முடிந்தது. பதில் சொல்ல வேண்டிய அக்கா முந்தானையில் முகம் புதைத்திருந்தார்.

பதில் எங்களுக்குப் பின்னால், அந்தக் காலிச் சாலையிலிருந்து வந்தது. பழைய தமிழில் வந்தது. நடுவில் ஓர் இருமல்.

கழுத்தைத் திருப்பப் போனேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"திரும்பாதடா! பாத்தா நின்னுடுவாரு. சொல்லிக்கிட்டே நட."

எழுந்தார், நடந்தார். நான் சொல்லச் சொல்லப் பின்னாலிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது, கணவாய் முடியும்வரை. வேளாங்கண்ணி வரை அக்கா வேன் பக்கமே பார்க்கவில்லை. வெயில் மண்டைக்கு ஏறியது என்பீர்கள். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அக்கா படுத்த பிறகு கஞ்சி கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், முறை வைத்துப் பார்த்துக்கொண்ட கார்மென்ட்ஸ் தோழியருக்கும், பெட்டிக்குத் தோள் கொடுத்த நடைக்கூட்டத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கடைசி நாள் காலையில் அக்காவின் தலைமாட்டில் நான் மட்டும் இருந்தேன். "அருள் நிறைந்த மரியே" ஜெபத்தின் முதல் பாதியைச் சொன்னேன். அக்காவின் உதடு அசையவில்லை. பதில் என் முதுகுக்குப் பின்னால், கதவருகே கேட்டது. "எங்கள் மரண நேரத்திலும்" என்ற இடத்தில் ஓர் இருமல். அக்கா என் தோளுக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார்.

மாமா, நான் திரும்பவில்லை. நீங்கள் நின்றுவிட்டால் அக்காவை யார் கூட்டிப் போவது?