கேதார்நாத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த ஏழாம் நம்பர் ஷூ

கேதார்நாத் போகிறேன், கேன்வாஸ் ஷூவுக்குள் மூன்று ஜோடி சாக்ஸ் போட்டால் குளிர் தாங்குமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் அவர் மேல் இல்லை. 1983 மே மாதம் இதே முட்டாள்தனத்தை நான் செய்தேன், அது இன்னும் ஆறவில்லை.

அப்போது தண்டலத்தில் குடியிருந்தோம். என் மனைவியின் தம்பி சேகருக்கு இருபத்து நாலு வயது, ஒரகடத்தில் நெல் பயிரிட்டுக்கொண்டிருந்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்த கம்பெனியில் அவனை எடுத்திருந்தார்கள். ஜூன் ஆறாம் தேதி மெடிக்கல், அது தேறினால் வேலை நிரந்தரம். வேலை கிடைத்தால் பிள்ளையைக் கேதார்நாத் அனுப்புவதாக என் மாமியார் வேண்டியிருந்தார். சேர்ந்துவிட்டால் லீவு கிடைக்காதென்று நானும் அவனும் முன்னாலேயே கிளம்பினோம்.

சாமான் வாங்க நான் மட்டும் பாரிமுனை போனேன், அவன் அறுவடையில் இருந்தான். ஸ்வெட்டர் 55 ரூபாய், குரங்குக் குல்லா 12, கேன்வாஸ் ஷூ 28. சேற்றில் வெறுங்காலோடு வளர்ந்து அகன்ற பாதம் அவனுக்கு. நான் குத்துமதிப்பாக ஏழாம் நம்பர் எடுத்தேன். கடைக்காரர் வேறு, "டைட்டா இருந்தாத்தான் சார் குளுரு உள்ள பூராது" என்றார். மார்கழிப் பனிக்கே தலையில் துண்டு கட்டுகிற எனக்கு என்ன தெரியும்? பெரிய மேதாவி மாதிரி தலையாட்டினேன்.

டெல்லிக்கு ரயிலில் இரண்டு இரவு. ரிஷிகேஷிலிருந்து கௌரிகுண்டுக்கு 215 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை நாள். அங்கிருந்து 14 கிலோமீட்டர் நடை. காலை ஐந்தரைக்கு ஏறத் தொடங்கினோம். பாதி வழியில் காலடியில் பனிக்கட்டி ஆரம்பித்தது. குதிரைக்காரர் ஒருவர் சேகரின் காலைக் காட்டி இந்தியில் ஏதோ சத்தம் போட்டார். சவாரிக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, வேண்டாம்ப்பா என்று விரட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இன்னாடா நொண்டுற?"

"ஒண்ணியும் இல்ல மாமா. புதுசு இல்ல, கடிக்குது."

இரண்டு கிலோமீட்டர் கழித்து மறுபடி கேட்டேன்.

"இப்ப கடிக்கல மாமா. மரத்துகினு கீது, நடக்க ஈஸியா கீது."

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன்.

மேலே சேர மதியம் ஒன்றரை. ஷூவைக் கழற்றினால் மூன்று ஜோடி பருத்தி சாக்ஸும் சொதசொதவென்று நனைந்திருந்தன. இடது கால் விரல்கள் மெழுகாக வெளுத்திருந்தன. பதறிப்போய்க் கரி அடுப்பில் காலைக் காட்டச் சொன்னேன். உணர்ச்சியில்லாத காலுக்குச் சூடு எப்படித் தெரியும்? தோல் வெந்தது. ஊர் திரும்புவதற்குள் விரல்கள் கறுத்தன, மெட்ராஸில் இரண்டை எடுத்தார்கள். ஜூன் ஆறாம் தேதி அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். வேலை வேறொருவருக்குப் போனது.

ஆகவே, போகிறவர்களே, கேளுங்கள். கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டே ஷூ வாங்குங்கள், உள்ளே விரல் தாராளமாக அசைய வேண்டும். இறுக்கினால் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத காலுக்கு எத்தனை சாக்ஸ் போட்டாலும் தண்டம். பருத்தி ஆகவே ஆகாது, நனைந்தால் காயாது. மாற்று ஜோடியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். விரல் மரத்துப்போனால் அங்கேயே நில்லுங்கள். தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். கிடைக்காத ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவனிடம் கத்தினேன், ஷூ சின்னது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று.

"வூட்ல போட்டுப் பாத்தப்பவே தெரியும் மாமா, சின்னதுன்னு."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"அக்கா வூட்டுக்காரரு ஆசையா வாங்கியாந்து குடுக்கறாரு. பத்தலன்னு எப்புடி மாமா சொல்றது?"

எங்கள் பக்கம் மாமன் கொடுத்ததை மச்சான் குறை சொல்ல மாட்டான். மண்ணாங்கட்டி மரியாதை. கூட வருகிறவரைக் கடைக்கே இழுத்துப் போங்கள். ஷூவைப் போட்டு நாலடி நடக்கவிட்டு, பத்தவில்லையா என்று நீங்களே கேளுங்கள். நான் கேட்கவில்லை.