ஜெயஷீலா சித்தி உட்கார்ந்து துணி பார்த்த கதை

ஜெயஷீலா சித்தி திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், மூன்று மாடித் துணிக்கடை ஒன்றின் பட்டுப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறாள். எங்கே வேலை என்று யாராவது கேட்டால் "சாலையில நிக்கேன்" என்பாள். அது சரியான பதில்தான். கடைப் பெண்கள் உட்காரலாம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்த பிறகு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. ஆனால் ஆள் வந்து நிற்கும்போது உட்கார்ந்திருக்க சித்திக்கு வராது. அந்த ஸ்டூலில் இப்போது பில் புத்தகம் இருக்கிறது.

அமரவிளையிலிருந்து காலை எட்டு மணி பஸ். கிழக்கேகோட்டையில் இறங்கி நடை. ஒன்பதரைக்கு அலமாரிக்கு முன்னால். அதன் பிறகு விரிப்பதும் மடிப்பதும்தான். அம்மா, மகள், அத்தை, அத்தையின் தோழி என்று நாலு பேர் வந்து உட்காருவார்கள். "அது இல்ல, அதுக்கு அடியில உள்ளது" என்பார்கள். நாற்பது சேலை விரிந்து மலையாகக் குவிந்த பிறகு ஒருத்தி எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்துட்டு வாறோம்" என்பாள். அதையே மலையாளத்திலும் சொல்வார்கள். இரண்டு மொழியிலும் சித்தி ஒரே சிரிப்புச் சிரிப்பாள். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

அதனால் சித்திக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. என்னைத் தூக்கி வளர்த்த காலத்திலிருந்து அதைக் கேட்டிருக்கிறேன். "ஒரு நாள் ஒரு கடையில போயி நாற்காலி போட்டு இருக்கணும், மக்களே. நாப்பது துணியை விரிக்கச் சொல்லி, ஒண்ணு விடாம பாக்கணும். பாத்துட்டு, 'பாத்துட்டு வாறேன்'னு சொல்லி எறங்கி வரணும்."

இதைத் திருவனந்தபுரத்தில் செய்ய முடியாது என்பதுதான் சிக்கல். சாலையிலும் பழவங்காடியிலும் எம்.ஜி. ரோட்டிலும் எந்தப் பட்டுப் பிரிவில் ஏறினாலும், அங்கே நிற்கிறவள் ஒரு காலத்தில் சித்தியிடம் மடிக்கப் படித்தவளாக இருப்பாள். "அக்கா, நீங்களா? ஸ்டாஃப் டிஸ்கவுண்ட் கேட்டுப் பாக்கட்டா?" என்று தொடங்கிவிடுவாள். நாகர்கோவிலில் முயன்று பார்த்தாள். அங்கே கடை முதலாளியே எழுந்து வந்து, "சாலை ஜெயஷீலால்லா?" என்றார்.

நான் வியட்நாமில் டா நாங் என்ற ஊரில் வேலை பார்க்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, வேதக்கோயில் ஆராதனை முடிந்து அமரவிளை வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பக்கத்து ஊரான ஹோய் ஆனைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னேன். பழைய துறைமுக ஊர், மஞ்சள் சுவர்கள், வாசலுக்கு வாசல் விளக்குக் கூடுகள், நாலு வீட்டுக்கு ஒரு துணிக்கடை என்று.

சித்தி மீன் குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்க என்னைத் தெரிஞ்ச ஆள் உண்டுமா?"

"அங்க என்னையே யாருக்கும் தெரியாது, சித்தி."

"உக்காந்து பாக்க விடுவாவளா?"

"டீயும் தருவாங்க."

தம்பானூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் ஞானையன் சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "எட்டி ஷீலா, ஊரு காணப் போறவ கடல் காணப் போவா, மலை காணப் போவா. நீ துணிக்கடை காண பிளேன் ஏறப் போறியா?"

"கடலு விழிஞ்ஞத்துல இருக்கு. நாப்பது துணி விரிச்சுக் காட்ட எனக்கு விழிஞ்ஞத்துல யாரு இருக்கா?"

"விரிச்சதை நீயே மடிச்சு வச்சிட்டுத்தான் வருவ. எனக்குத் தெரியும்."

"பாப்போம்" என்றாள் சித்தி. கரண்டி குழம்புக்குத் திரும்பியது.

ஜூலை தொடக்கம் என்று நாள் குறித்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் கூட்டம் ஓய்ந்து, ஆடித் தள்ளுபடி தொடங்காத பத்து நாள் அது. ஐந்து நாள் லீவு கேட்டபோது முதலாளி, யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார். டூர் போகிறேன் என்றதும் மனிதர் தேதியை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பாஸ்போர்ட் விசாரிக்க வந்த போலீஸ்காரர், "எந்தினா போகுந்நே?" என்று கேட்டதற்கு, "துணி நோக்கான்", துணி பார்க்க, என்று மலையாளத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். அவர் 'சுற்றுலா' என்று எழுதிக்கொண்டு போனார்.

ஜூன் கடைசியில் நான் லீவுக்கு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பாஸ்போர்ட், விசாத் தாள், திரும்பும் டிக்கெட், எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துத் தனித்தனிப் பையில் வைத்திருந்தேன். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் மூன்று தடவை திறந்து பார்த்தேன். நாலாவது தடவை சித்தி பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீதான் மொத மொதலாப் போற மாதிரி இருக்கு" என்றாள்.

கோலாலம்பூரில் விமானம் மாறி டா நாங்கில் இறங்கியதிலிருந்து சித்தியின் வாய் ஓயவில்லை. தெருவில் ஸ்கூட்டர்கள் வெள்ளம்போல வந்தன. வெயில் படாமல் முகத்தையும் கையையும் மூடிக்கொண்டு ஓட்டும் பெண்களைப் பார்த்து, "அந்தக் கைச்சட்டைத் துணி கொள்ளாம், வேர்வை நிக்காது" என்று மெச்சினாள். நீண்ட அங்கியும் கால்சட்டையும் போட்ட பெண்கள் சைக்கிளில் போனால், இடுப்பு வெட்டு எங்கே தொடங்குகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, ஓரம் மொறுமொறுவென்று ஒரு அரிசி மாவுத் தோசை கொடுத்தார்கள். ஒரு வாய் தின்றுவிட்டு, "இது நம்ம ஆப்பத்துக்க தங்கச்சி" என்று தீர்ப்புச் சொல்லி இன்னும் இரண்டு வாங்கினாள்.

மூன்றாம் நாள் மீ சனில் மலைக்கு நடுவே நிற்கும் செங்கல் கோயில்களுக்குப் போனோம். ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையவை. புல் முளைத்த மேட்டில் ஆவுடையாரும் லிங்கமும், கல்லில் சமஸ்கிருத எழுத்தும். சித்தி வேதக்கோயிலுக்குப் போகிறவள். என்றாலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நம்ம பக்கத்து ஆளுக எப்பமே வந்திருக்காவ, பாரு."

"வியாபாரத்துக்கு வந்திருப்பாங்க, சித்தி."

"அப்பம் துணியும் கொண்டுவந்திருப்பாவ" என்று திருப்தியாகச் சொன்னாள்.

நாற்பது துணியை நாலாம் நாளுக்கு வைத்திருந்தோம். மூன்று மணிக்கு அவளுக்கு விமானம். ஹோய் ஆனிலிருந்து விமான நிலையம் முக்கால் மணி நேரம். ஆகவே கடை திறந்ததும் ஏறி, பதினொன்றுக்குள் முடித்து, பன்னிரண்டுக்குக் காரில் இருக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். சித்தி ஆறு மணிக்கே தன்னிடமிருந்த நல்ல சேலையை உடுத்தி, கொண்டைபோட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின சாயங்காலமே கடையைத் தேர்ந்து வைத்திருந்தாள். மர அலமாரிகள், நீளமான மேசை, அதன் முன்னால் மெத்தை போட்ட ஒரு பிரம்பு நாற்காலி. அந்த நாற்காலிக்காகத்தான் அந்தக் கடை.

நாங்கள் போனபோது ஒரு பெண் அப்போதுதான் கதவுப் பலகைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே தரையோரம் இருந்த சிறிய சாமி மாடத்தில் ஊதுபத்தி ஏற்றினாள். படியில் காலை வைக்கப்போன சித்தி காலை எடுத்துவிட்டாள்.

"இங்கயும் கைநீட்டம் உண்டுமா?"

நாளின் முதல் வியாபாரத்தைத்தான் கேட்டாள். சாலையில் காலையில் முதலில் ஏறுகிறவர் வாங்காமல் இறங்கினால் அன்றைய நாளே போயிற்று என்பார்கள். இந்த ஊரிலும் அப்படித்தான். முதல் ஆள் விலை பேசிவிட்டு வெறுங்கையோடு போனால், சிலர் வாசலில் காகிதத்தைக் கொளுத்தித் தீட்டுக் கழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லித் தொலைத்தேன்.

சித்தி வாசலுக்கு எதிர்ப்புறம் போய் நின்றுகொண்டாள். "அப்பம் நாம ஏறப்பிடாது. வாங்காம எறங்கத்தானே வந்திருக்கோம். அந்தப் பிள்ளைக்க நாளு கெட்டுப்போவும்."

"வேற கடைக்குப் போவோம்."

"எல்லாக் கடையும் இப்பம்தானே தொறக்கு. எங்க போனாலும் நாமதான் மொத ஆளு."

"ஒரு கைக்குட்டை வாங்கிட்டுப் பார்க்கலாமே."

"அது எப்பிடி? பின்ன நான் வாங்கினவளாயிருவேனே."

யாராவது முதலில் வாங்குவார்கள் என்று காத்து நின்றோம். ஒன்பது ஐம்பதுக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஏறியது. சித்தி என் கையைப் பிடித்தாள். அவர்கள் விசிறியால் விசிறிக்கொண்டே இரண்டு துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். "வெளங்குமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்தே காலுக்கு ஒரு கூட்டம் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தது. நான் கைப்பேசியில் சாலை நெரிசலைப் பார்த்தபடி இருந்தேன். பத்து முப்பத்தைந்துக்கு உள்ளூர்க்காரி ஒருத்தி ஸ்கூட்டரை நிறுத்தி, உள்ளே போய், ஒரு டஜன் பொத்தான் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பொத்தான் போதுமா, சித்தி?"

"பொத்தானும் காசு குடுத்துத்தானே வாங்கினா" என்று சித்தி சேலையை நீவிக்கொண்டு படி ஏறினாள்.

பிரம்பு நாற்காலியில் அவள் உட்கார்ந்த விதத்தை நான் படம் எடுக்காமல் விட்டது தப்பு. முதுகைச் சாய்த்து, கைப்பிடி இரண்டிலும் கையை வைத்து, பையைப் பக்கத்தில் இறக்கிவைத்தாள். கடைப் பெண்ணின் பெயர் ஹான். இருபத்தைந்து வயது இருக்கலாம். மல்லிகை மணக்கும் டீ வந்தது. முதல் துணி மேசையின்மேல் உருண்டு விரிந்தது.

சித்தி தமிழிலேயே பேசினாள். நான் எனக்குத் தெரிந்த அரைகுறை வியட்நாமியத்தில் சொன்னேன்.

"இதுல கொஞ்சம் மங்கின கலர் கேளு... அது இல்ல, அதுக்கு அடியில உள்ளது... கல்யாணத்துக்கு இல்ல, சும்மா உடுக்கன்னு சொல்லு... இது கொள்ளாம், ஆனா பூ பெருசு... வெளிச்சத்துல பிடிக்கச் சொல்லு."

இருபத்தாறு வருஷம் கேட்ட பேச்செல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஹான் முகம் கோணாமல் விரித்தாள். சித்தி மடக்கிய விரல்களில் எண்ணிக்கொண்டாள். பத்து, பதினெட்டு, இருபத்தேழு. மேசையில் துணி குவியக் குவிய, சித்தியின் விரல்கள் மடிக்கத் துடிப்பதைப் பார்த்தேன். சித்தப்பா சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

முப்பத்தொன்றாவது விரிந்தது. பட்டு. பழுக்கத் தொடங்கிய பாக்கின் நிறம். பச்சை முழுசாகப் போகாமல், மஞ்சள் முழுசாக வராமல், அசைத்தால் உள்ளே எங்கோ செம்மை தெரிந்தது. தொடைக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து, துணியின் ஓரத்தைக் கட்டைவிரலால் நிரடிப் பார்த்தது. பிறகு உள்ளே போயிற்று.

"அடுத்தது" என்றாள்.

நாற்பது ஆனதும் எழுந்தாள். பையைத் தோளில் போட்டாள். ஹானை நேராகப் பார்த்து, நிறுத்தி, நிதானமாக, "பாத்துட்டு வாறேன்" என்றாள். நான் மொழிபெயர்த்தேன். ஹான் சிரித்துத் தலை குனிந்தாள். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும்.

தெருவுக்கு வந்ததும் சித்திக்கு நடக்கவே முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. ஆற்றங்கரைக்குப் போவதற்குள் சித்தப்பாவை வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள். தம்பானூர் ஸ்டாண்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லிட்டேன், கேட்டியளா. நாப்பது. ஒண்ணும் கொறையல்ல."

"மடிச்சு வச்சியா?"

"தொடல்ல."

"வாங்கினியா?"

"வாங்காம எறங்கத்தானே போனது."

"செரி. சந்தோஷமா வா" என்றார் சித்தப்பா. பிறகு, "நல்லது ஒண்ணும் இல்லியா அதுல?" என்றார்.

"ஒண்ணு உண்டு. முப்பத்தொண்ணாமத்தது. கலரு... அது எப்பிடிச் சொல்ல..." என்று நிறுத்தினாள். ஆற்றைப் பார்த்தாள். படகுகளைப் பார்த்தாள். மறுபடி தொடங்கினாள், மறுபடியும் நிறுத்தினாள்.

"எட்டி ஷீலா, இருபத்தாறு வருஷத்துல ஒரு கலருக்குப் பேரு சொல்ல உனக்கு முட்டினது இல்லியே" என்றார் சித்தப்பா.

சித்தி போனை என் கையில் கொடுத்தாள். பதினொன்றே முக்கால். கார் சந்து முனையில் நின்றுகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் கை காட்டினேன். அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள். நடை என்று சொல்ல முடியாது. கிழக்கேகோட்டையில் பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டம்.

"சித்தி, நேரம்..."

"வாறேன்னு சொல்லிட்டுல்லா வந்தேன்."

கடையில் குவியல் இல்லை. முப்பத்தொன்பது துணியும் அலமாரிக்குப் போயிருந்தது. மேசைமேல் ஒன்று மட்டும் விரித்தபடியே கிடந்தது. பாக்கு நிறத்தது.

சித்தி அதையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்பிடித் தெரியும்னு கேளு."

கேட்டேன். ஹான் தன் கட்டைவிரலைக் காட்டினாள். மற்றதையெல்லாம் கண்ணால் பார்த்தார், இதைக் கையால் பார்த்தார் என்றாள்.

"நானும் அதத்தான் பாப்பேன்" என்றாள் சித்தி மெதுவாக. பிறகு என்னிடம், "நானும் துணிக்கடையிலதான் நிக்கேன்னு சொல்லு. வேண்டாம், இப்பம் சொல்லாத. வெலை பேசி முடிச்சிட்டுச் சொல்லு."

விலை பேச்சு அரை மணி நேரம் நடந்தது. சித்தி இரண்டு தடவை எழுந்தாள். ஹான் இரண்டு தடவை துணியைச் சுருட்டினாள். இருவருக்கும் அதில் அவ்வளவு உற்சாகம். நான் கைப்பேசியைக் காட்டி, டிரைவர் கூப்பிடுகிறார், பன்னிரண்டரை ஆகிவிட்டது, செக்-இன் மூடிவிடுவார்கள் என்று கிட்டத்தட்ட அழுதேன்.

கத்தரி கரகரவென்று ஓடி முடிந்தது. அப்போதுதான் சித்தியும் துணிக்கடையில் நிற்கிறவள் என்று ஹானிடம் சொன்னேன். சித்தி மறுபடியும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"நீ போயி வண்டியைக் கடைக்கு முன்னாடி கொண்டுவரச் சொல்லு, மக்களே. போறதுக்கு முன்ன இதுக்கு லைனிங் காட்டச் சொல்லு. ஒண்ணு ரெண்டு காட்டினாப் போராது."

ஹான் அதற்குள் ஏணியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேல் தட்டுக்கு ஏறியிருந்தாள்.