அந்த வார்த்தை வேண்டாம், ஃபாதர்

டிம்ப்னாவின் அப்பா நிலக்கரி லாரி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொந்தக் காரைத் துடைத்து நிறுத்தி, "ஏறுங்க எல்லாரும், ஜாய்ரைட் போலாம்" என்பார். எங்கே என்று கேட்கக் கூடாது. கடல் கண்ணில் படும்வரை ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். சும்மா, சந்தோஷத்துக்காக வண்டியில் சுற்றுவது. சின்ன வயதில் அந்த வார்த்தைக்கு அவள் அறிந்த பொருள் அவ்வளவுதான்.

அவள் மேற்கு பெல்ஃபாஸ்டில் ரொட்டிக்கடை வேலைக்குச் சேர்ந்து, ஃபின்டனைக் கட்டிக்கொண்ட காலத்தில் வார்த்தை வேறு ஆட்கள் கைக்குப் போயிருந்தது. பையன்கள் யார் வீட்டுக் காரையாவது கிளப்பிக்கொண்டு தெருத்தெருவாகப் பறந்தார்கள். அதையும் ஊர் ஜாய்ரைட் என்றுதான் சொன்னது. டிம்ப்னாவும் சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீனும் சிப்ஸும் வாங்கப் போன ஃபின்டனை அப்படியொரு திருட்டுக் கார் அடித்துப் போட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. ஓட்டியவன் அடுத்த தெரு டோனல். மீசை அரும்பாத பயல்.

அடக்கப் பூசையில் பாதிரியார், "இந்த ஜாய்ரைடால போன உயிர்..." என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் டிம்ப்னா எழுந்து நின்றாள்.

"அந்த வார்த்தை வேண்டாம், ஃபாதர். யாருக்கு இதுல சந்தோஷம்?"

பக்கத்தில் இருந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் அந்த வார்த்தை வாயில் வராமல் பார்த்துப் பேசினார்கள். யாராவது தவறிச் சொன்னால், "கொலைன்னு சொல்லு" என்று ரொட்டியை நீட்டுவாள்.

டோனல் சிறையிலிருந்து வந்த வருஷமே இன்னொரு திருட்டுக் காரில் சுவரில் மோதிச் செத்தான். அவன் அம்மா கன்செப்டாவின் வீட்டுக்கு யாரும் அதிகம் போகவில்லை. டிம்ப்னா போனாள். சவப்பெட்டி முன்னறையில் இருந்தது. வாசலருகே தேநீர்க் கோப்பையோடு நின்ற ஒருத்தி, "ஜாய்ரைடருக்கு இப்படித்தான் முடியும்" என்று முணுமுணுத்தாள். கன்செப்டாவின் காதில் அது விழுந்துவிட்டது.

"அவனுக்குப் பேரு இருக்கு," என்றாள் டிம்ப்னா. "டோனல்."

கன்செப்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏம்மா வந்தே? உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?" என்று உடைந்து அழுதாள்.

"பார்க்க வேணாம். உட்காரு."

மன்னித்துவிட்டாளா என்று பிறகு பலர் கேட்டார்கள். இல்லை என்றுதான் சொன்னாள். ஆனால் அன்று பெட்டியை எடுக்கும்வரை அவள் கன்செப்டாவை விட்டு எழுந்திருக்கவில்லை.