கழற்றிப்போட்ட ஆயில் பம்ப்

முப்பத்திரண்டு வயதில் திருவேட்டக்குடிக்குப் போய், மண்ணிலும் மணலிலும் ஓட்டுவதற்கென்றே செய்த பழைய டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு அது எதற்கு என்று உம்மா கேட்டார். விற்றவர் படகு வைத்திருப்பவர். முழங்கால் மக்கர் செய்ததால் அதை விற்றார். சக்கரக் கம்பியெல்லாம் உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்தது. பரவாயில்லை, எல்லாவற்றையும் மாற்றத்தானே போகிறோம் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் கடை கிடையாது. ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டதும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவேன். பட்டன் பெரிதாக உள்ள டயர் போட்டேன். அகலமான ஹேண்டில்பார் மாட்டினேன். முன் மட்கார்டைத் தூக்கி வைத்தேன். வயிறு பெருத்த சைலன்சர் ஒன்றை வரவழைத்துப் பொருத்தியதும், தெருவே எழுந்து நிற்கும்படி சத்தம் வந்தது. "ஓதிக்கிட்டு இருக்கறப்ப காதுல ஆணி அடிக்கிற மாதிரி இருக்குடா" என்றார் உம்மா. எனக்கோ அது பாராட்டாகக் கேட்டது.

கடைசியாக ஆயில் பம்ப்பில் கை வைத்தேன். டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியவேண்டும். என் வண்டியில் ஆயிலுக்குத் தனியாக ஒரு டப்பா இருந்தது. அதிலிருந்து ஒரு சின்னப் பம்ப் இன்ஜினுக்கு ஆயிலை அனுப்பும். பம்ப் பழசாகி நின்றுபோனால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் டேங்க்கிலேயே ஆயிலைக் கலந்துவிடுவார்கள். நான்கைந்து வீடியோ பார்த்துவிட்டு நானும் விஷயம் தெரிந்தவன் ஆகியிருந்தேன். பம்ப்பைக் கழற்றி, ஓட்டையைத் தகடு வைத்து மூடினேன்.

ஆயில் டப்பாவை மட்டும் கழற்றவில்லை. அதன் போல்ட்டுகள் துருப்பிடித்து அசைய மறுத்தன. மல்லுக்கட்டச் சோம்பல். குழாயின் நுனியை அடைத்துவிட்டு, டப்பாவைப் பழைய ஆயிலோடு அப்படியே விட்டேன். அதன் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. பார்த்தால் ஆயில் முக்கால்வாசி நிற்பது தெரியும். அந்த ஆயில் எங்கும் போகாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த மாதம் மச்சான் லீவில் வந்திருந்தார். மச்சான் என்றால் என் லாத்தாவின், அதாவது அக்காவின், கணவர். எங்கள் குடும்பங்களில் கல்யாணமானாலும் பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வந்து தங்குவார். மச்சான் வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் எங்கள் வீட்டில் இருப்பார். மாப்பிள்ளையிடம் நாங்கள் எதையும் கேட்பதில்லை. அவரும் எதையும் கேட்பதில்லை. தண்ணீர் வேண்டும் என்றால்கூட லாத்தாவைப் பார்த்து லேசாக இருமுவார். பத்து வருடமாகியும் அந்த வீட்டில் அவர் விருந்தாளி மாதிரிதான் நடந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடைக்குப் போன் செய்தார். லாத்தா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். சுரக்குடியில் அவருடைய நண்பர் ஒருவர் உடம்பு சரியில்லாமல் கிடக்கிறாராம்.

"தம்பி, ஒன் வண்டியக் கொஞ்சம் எடுத்துட்டுப் போகவா?"

மச்சான் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. "இதுக்குப் போயி கேக்கணுமா மச்சான்? சாவி ஆணியில தொங்குது, எடுத்துக்கங்க" என்றேன்.

பெட்ரோலில் ஆயில் கலக்கவேண்டிய விஷயம் அப்போது ஞாபகம் வந்தது. ஞாபகம் வரவில்லை என்று இத்தனை நாளில் எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். வந்தது. இரவல் வாங்கிய வண்டியை டேங்க்கை நிரப்பாமல் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அக்கம்பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்க்காரர்களே எல்லை தாண்டி வந்து நிரப்பிக்கொண்டு போகிற விலையில், யூனியன் பிரதேசமான இங்கே பெட்ரோல் கிடைக்கும்போது அரை டேங்க்கோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் பேசுவார்கள். மச்சான் அதிலெல்லாம் கறாரானவர். ஆனால் ஒரு மாப்பிள்ளையிடம் போய்ப் பெட்ரோல் என்ற பேச்சை எடுத்தால் என்ன அர்த்தம்? நிரப்பிக் கொடு என்று ஜாடையாகச் சொல்வதாகத்தான் ஆகும். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். எதிரே ஒருவர் பிரேமைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்களுக்கு எடுப்பா இருக்கு சார்" என்று அவரிடம் சொன்னேன்.

மச்சான் போகும்போதே டேங்க்கை நிரப்பியிருக்கிறார். வெறும் பெட்ரோல். திருநள்ளாறு தாண்டி, சுரக்குடிச் சாலையில் வயல்களுக்கு நடுவே பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் ஒரே பிடியாக நின்றுவிட்டது. அவரைத் தூக்கி வாய்க்கால் கரையில் போட்டது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

ஆஸ்பத்திரிக்கு முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். கையைப் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். "பின்சக்கரம் திடீர்னு நின்னுபோச்சு தம்பி" என்றார். "கெளம்புறப்ப ஆயில்லாம் பாத்தேனே. நெறயத்தான் இருந்துச்சு."

பார்த்திருக்கிறார். டிரெய்லர் ஓட்டுகிறவர் பார்க்காமல் எடுப்பாரா? குனிந்து அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறார். என் சோம்பேறித்தனம் முக்கால் டப்பா ஆயிலாக நின்று அவரை ஏமாற்றியிருக்கிறது.

அப்போதே சொல்லியிருக்கலாம். லாத்தா உள்ளே ஓடிவந்தாள். இருபது நாளில் மச்சான் திரும்பிப் போகவேண்டும். அதற்குள் போகாவிட்டால் விசா முடிந்துவிடும், வேலையும் போய்விடும். அது எல்லோருக்கும் தெரியும். அவள் மச்சான் கையில் இருந்த கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வண்டிக்கு என்னடா ஆச்சு?"

"வண்டி நல்லாத்தான் இருந்துச்சு லாத்தா. மச்சான் கொஞ்சம் வேகமாப் போயிட்டாங்க போல."

அவர் படுத்தபடி என்னைப் பார்த்தார். மாமியார் வீட்டு ஆளை அந்த வீட்டார் முன்னால் மறுத்துப் பேசிப் பழகாதவர். கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து கொல்லையில் பிரித்தேன். டேங்க்கில் பெட்ரோல் கழுத்து வரைக்கும் இருந்தது. நான் கலக்கிற ஆயிலின் பச்சை நிறம் அதில் அடையாளத்துக்குத்தான் இருந்தது. பிஸ்டனின் பக்கத்தில் நெடுக்காகக் கீறல்கள். வேகத்தினால் வருகிற கீறல் இல்லை அது. பிஸ்டனைத் துணியில் சுற்றி மறைத்தேன். அன்றைக்கு மட்டும் எங்கிருந்தோ சுறுசுறுப்பு வந்து, துருப்பிடித்த போல்ட்டுகளை அறுத்தே எடுத்து, ஆயில் டப்பாவையும் காயலான் கடையில் போட்டுவிட்டேன்.

விசா முடிந்தது. கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. ஒரு பேனாவை அழுத்திப் பிடிக்கக்கூட முடியாது என்று ஆனது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் "வேகமாப் போனீங்களாமே?" என்று கேட்டார்கள். "ஆமா, கொஞ்சம்" என்று மச்சான் சிரிப்பார். நான் சொன்ன பொய்யை அவர் தன் வாயாலேயே ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டி வந்தது. நான் பக்கத்தில் நின்று டீ எடுத்துக் கொடுத்தேன்.

முதல் மாதம் அவருக்கு ஆட்டுக்கால் சூப் வந்தது. மூன்றாவது மாதத்தில், இருமினாலும் தண்ணீர் வரத் தாமதமானது. யாரும் எதுவும் சொல்லிவிடவில்லை. இரண்டு மாத மாப்பிள்ளைக்கு இருந்த இடம் வருடம் முழுக்க இருக்கிற மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் இல்லை. ஒருநாள் மட்டும் லாத்தா தட்டை வைத்துக்கொண்டே, "வேகம் வேகம்னு போயி இப்ப மூலையில உக்காந்தாச்சு" என்றாள். மச்சான் இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து கை கழுவப் போனேன்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கொல்லைப் பக்கம் வந்தார். புதுப் பிஸ்டன் போட்டு வண்டியைக் கூட்டி முடித்திருந்தேன். சுற்றி வந்து பார்த்தவர், சீட்டுக்குக் கீழே குனிந்தார்.

"இங்க ஒரு ஆயில் டப்பா இருந்துச்சே?"

"அது தேவையில்ல மச்சான். கழட்டிட்டேன்."

"எப்பக் கழட்டின?"

நான் ஸ்பானரைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன். பிறகு அவருடைய செருப்புச் சத்தம் வீட்டுப் பக்கம் போனது.

வண்டி கண்ணில் பட்டாலே உடம்பு கூசியது. விற்றுவிடுவதென்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாங்குவதற்கு ஒருவர் வந்தார். வாசலில் நிறுத்திக் காட்டினேன். மச்சான் முன் ஹாலில் ஜன்னல் ஓரம் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். லாத்தா அடுப்படியில் இருந்தாள். வந்தவர் கிக்கரை உதைத்துப் பார்த்தார், சைலன்சரைத் தட்டிப் பார்த்தார், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடிப் பக்கம் குனிந்தார்.

"என்ன பாய் இது, எழுதி ஒட்டியிருக்கு?"

மூடியின் ஓரத்தில், கடையில் பிரேம் பெட்டிக்கு ஒட்டுகிற வெள்ளை டேப். அதில் பேனாவால் எழுதியிருந்தது: பெட்ரோலில் ஆயில் கலக்கவும். எழுத்துகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல் கோணல்மாணலாக, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. இடது கை எழுத்து. ஈரம் படாமல் இருக்க மேலே கண்ணாடி டேப்பும் ஒட்டியிருந்தது.

"யாரு எழுதினது, சின்னப் பிள்ளையா?" என்று அவர் சிரித்தார்.

இப்போதும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். ஆமாம், சின்னப் பிள்ளை என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பேப்பர் புரளும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"எங்க மச்சான் எழுதினாங்க" என்றேன். "இதுல ஆயில் பம்ப் கெடயாது. நாந்தான் கழட்டினேன். அத அவங்ககிட்ட சொல்லாம வண்டியக் குடுத்தேன். இன்ஜின் புடிச்சு விழுந்து கை போச்சு. அவங்க வேகமாப் போகல." கடைசி வாக்கியத்தை அவருக்குத் தேவையில்லாத அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

வந்தவர் டேங்க் மூடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் இல்லை. மச்சானின் குரல் கேட்டது. "தம்பி, வந்தவரு நிக்கிறாரு பாரு. நாற்காலி எடுத்துப் போடு."

போட்டேன். லாத்தா டீ கொண்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கிளாஸ்தான் இருந்தது. ஒன்றை வந்தவரிடம் கொடுத்தாள். இன்னொன்றை உள்ளே எடுத்துப் போய், மச்சானின் இடது கைப் பக்கம் வைத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.