டீச்சரை நான் ஏமாற்றிய கதை

ஏழாம் வகுப்பில் ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அச்சு அசலாக இருந்தது. ஜெகதாப்பட்டினத்தில் மீன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, கடைசி எழுத்தின் வாலைத் தாளின் ஓரம் வரை இழுத்துவிடுவார். அந்த இழுவையைப் பழகவே எனக்குப் பாதி நோட்டு தீர்ந்துபோயிற்று.

எனக்கு மார்க் குறைந்தால் அடி எனக்கு விழாது, அம்மாவுக்குத்தான் விழும். "புள்ளைய வளத்த லட்சணம் இதானா?" என்று அப்பா தொடங்குவார். போன தடவை கணக்கில் முப்பத்தொன்று வாங்கியதற்கு அம்மாவின் வலக்கை வீங்கியது, ஒரு வாரம் இடக்கையால் சமைத்தாள். இந்தத் தடவை இருபத்திரண்டு. கார்டை வீட்டில் காட்டவே கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பு டீச்சரிடம் கார்டை நீட்டினேன். டீச்சர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்பா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை டீச்சர். சிரிச்சாங்க."

"அம்மா?"

"அம்மாவும்தான். இந்தத் தடவை அவங்களுக்குக் கை வீங்கலை டீச்சர்."

உற்சாகத்தில் வாய் தவறி வந்துவிட்டது. டீச்சர் கார்டைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்பாவுக்குப் போன் போடுவாரோ என்று மத்தியானம் முழுக்க ஆபீஸ் ரூம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி பீரியடில் டீச்சர் சொன்னார்: "இனிமே கார்டு யார் வீட்டுக்கும் போகாது. மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ஒங்க அம்மாவ வரச் சொல்லுங்க, இங்கயே கையெழுத்துப் போடட்டும்."

வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் வெளிநாட்டில் இருந்ததால் யாருக்கும் இது வித்தியாசமாகப் படவில்லை. நானோ தரையிலேயே இல்லை. டீச்சர் ஏமாந்தது மட்டுமல்ல, இனி கார்டே வீட்டுக்கு வராது!

வெள்ளிக்கிழமைகளில் மற்ற அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். என் அம்மா மட்டும் ஹெச்.எம். அறைக்குள் போவாள். அங்கே புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸிலிருந்து ஃபைலோடு வந்த ஓர் அக்கா இருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு டீச்சரும் அம்மாவும் அந்த அக்காவும் பேசுவார்கள், இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு வெட்கமாக இருக்கும்.

நான்காவது மாதத்து வெள்ளிக்கிழமை, அம்மா அந்த அறையிலிருந்து ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள். என் பாவாடை சட்டையெல்லாம் அதற்குள் இருந்தன. டீச்சரே எங்களைக் கீரமங்கலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

"மாமா வீட்டுக்கா? அப்ப திங்கக்கிழமை ஸ்கூலு?"

"அங்கிட்டு ஒரு ஸ்கூல் இருக்கு. டீச்சர் பேசிட்டாங்க."

லீவு இல்லாத நாளில் மாமா வீடு, அதுவும் சன்னலோர இடம். சந்தோஷம் தாங்காமல், மாதக்கணக்கில் காத்த ரகசியத்தை அம்மாவின் காதில் போட்டு உடைத்தேன். அப்பாவின் கையெழுத்து முதல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"டீச்சருக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. நல்லா ஏமாந்துட்டாங்க."

அம்மா திரும்பி, ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருந்த டீச்சரைப் பார்த்தாள். பஸ் திரும்பி அவர் மறையும் வரை பார்த்தாள். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, சிரித்தபடியே அழுதாள். என் சாமர்த்தியத்தில் பூரித்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.