பிரேக் உடைந்த வாள்

என் புருஷன் மரம் வெட்டுகிறவர். இவ்வளவு காலமும் இன்னொருவரின் மெசின் வாளை வாங்கித்தான் வெட்டினார். அந்த ஆளுக்கு ஒரு மச்சான் வந்து வாய்த்தான். வாள் அவன் கைக்குப் போய்விட்டது. எங்கள் அடுப்பும் அத்தோடு சரி. மாரி முழுக்க இவர் வாசலில் குந்தியிருந்து மழையைப் பார்த்ததில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அப்போதுதான் வாவிக்கு அந்தப் பக்கம், களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட ஒரு பழைய வாள் மலிவாகக் கிடக்கிறது, கொஞ்சம் திருத்த வேண்டும் என்று கேள்விப்பட்டார். "நீயும் வா புள்ள. வாங்கவா விடவா எண்டு நீயே சொல்லு" என்றார். கஷ்டமான முடிவையெல்லாம் என் தலையில் கட்டுவது அவருக்குக் கைவந்த கலை. கொக்கட்டிச்சோலையிலிருந்து வெளிக்கிட்டு, பாதை என்று நாங்கள் சொல்லும் இரும்பு மிதவையில் மோட்டார் சைக்கிளோடு ஏறிக் கடந்தோம்.

அந்த வீட்டில் வாளைக் கொண்டுவந்து வைத்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். இவர் கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமிவிட்டு அணைந்தது. "காபரேட்டர்தான். அதத் திருத்துறது ஒரு வேலையே இல்ல" என்றார். சங்கிலியில் பற்கள் முறிந்திருந்தன. அதையும் மாற்றலாம். ஆனால் கைப்பிடிக்கு முன்னால் இருக்க வேண்டிய தகடு அடியோடு உடைந்து போயிருந்தது. வாள் துள்ளினால் கை அந்தத் தகட்டில் பட்டு, ஓடுகிற சங்கிலி நிற்கும். பிரேக் அதுதான். இந்தப் பழைய வாளுக்கு அது எங்கேயும் கிடைக்காது.

"அது இல்லாமலும் வெட்டலாம்" என்றார்.

"தலை இல்லாமலும் வெட்டுவீங்களோ?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஏன்கா விக்கிறீங்க?" என்று நான் கேட்டதும் வளவு மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு மாமரம் அரைவாசி அறுத்தபடியே நின்றது.

எங்கள் பக்கத்தில் மரம் வெட்ட வருகிறவர் வாளைத் தொடுமுன் வீட்டுக்காரியிடம் ஒன்று கேட்பார்: "மரத்துக்குள்ள இரும்பு கிடக்கா?" சண்டைக் காலத்தில் வெடித்த செல்லின் துண்டும் துவக்குச் சன்னமும் மரத்துக்குள் இருக்கும். பட்டை வளர்ந்து மூடிவிடும். வாள் அதில் பட்டால் ஆளை நோக்கித் துள்ளும். இரும்பு உள்ள மரத்தை மில்காரர் எடுக்க மாட்டார், அதனால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "சீ, ஒண்டுமில்ல."

"என்ட மனுசனும் வீட்டுக்கு வீடு கேட்டுத்தான் வெட்டுறவரு" என்றாள். "இது எங்கட மரந்தானே எண்டு என்னட்டக் கேக்கல்ல. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த நேரம், மழைக்குத் தறப்பாள் கட்ட அதில பெரிய ஆணி அடிச்சதே அவர்தான். அயத்துப்போனாரு. எனக்கு ஞாபகம் இருந்திச்சு. நான் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்டன். சத்தம் கேட்டு ஓடி வாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல்ல."

ஐயோ, இவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் ஓடி எங்கே போவது? வெறும் பானைதானே வீட்டில். வாள் விற்பட்டால்தான் அவள் வீட்டிலும் உலை கொதிக்கும் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"என்ன புள்ள, வாங்கவா விடவா?" என்றார்.

"வாங்குங்க" என்றேன்.

தகட்டைத் தவிர மற்றதெல்லாம் திருத்தி முடித்த காலையில், கூரைப் பக்கம் சாய்ந்து நிற்கிற எங்கள் வேம்பின் கீழ் வாளோடு நின்றார். அவள் சொன்னது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். சொந்த வளவு மரம் என்று பாராமல் என்னைக் கூப்பிட்டார்.

"மரத்துக்குள்ள இரும்பு கிடக்கா புள்ள?"

அந்த வேம்பு சண்டை முடிந்த பிறகு என் கையால் நட்டது. அதில் ஒரு ஊசிகூட இல்லை.

"கிடக்கு" என்றேன். "நிறையக் கிடக்கு. தொடாதீங்க."

என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வாளை இறக்கி வைத்தார். எனக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதை எடுத்து மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டத் தொடங்கினார். சித்தாண்டிப் பக்கம் ஒரு வீட்டில் புளியமரம் வெட்ட வரச் சொன்னார்களாம். சண்டைக்கு முந்தின மரம். அங்கேயும் கேட்டுவிட்டுத்தான் வாளைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டுக்காரி என்ன பதில் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும்.