வெண்கலத்தின் பள்ளிக்கூடப் பெட்டி

பஸ் ஸ்டாண்டில் அவருக்கு வெண்கலம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவியே மறந்திருப்பாள். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று கூவி அனுப்புவது அவர் வேலை. மைக் கெட்டுப்போனால்கூட ஒருத்தருக்கும் தெரியாது, அப்படி ஒரு தொண்டை. "மில் வண்டி! இன்னும் என்னய்யா டீ? எடுய்யா வண்டிய!" என்று ஒரு சத்தம் போட்டாரானால் டிரைவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். திட்டாமல் அவர் ஒரு வண்டியையும் அனுப்பியதில்லை. திட்டு வாங்காமல் டிரைவர்களுக்கும் கை ஓடாது.

யார் கண் பட்டதோ, அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால் உயிர் பிழைக்கலாம், ஆனால் பேச்சு இருக்காது என்றார் டாக்டர். மனைவி அழுதாள். வெண்கலத்துக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"என் குரலை எடுக்க இவங்க யாரு? முதல்ல நான் எடுத்து வெச்சுக்கறேன்!"

அவர் மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கே பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிட்டபோது ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருந்தாள். பள்ளிக்கூடங்களுக்கென்றே செய்த பெட்டி. திரை, ஸ்பீக்கர், மைக், உள்ளே இருக்கும் சகலமும் ஒரே வெள்ளை உடம்புக்குள். பின்பக்கம் பூசணிக்காய் மாதிரி புடைத்திருக்கும். தனி ஆளாகத் தூக்கினால் இடுப்பு போய்விடும். பிள்ளைகள் தள்ளிவிடக் கூடாதென்று அத்தனை கனமாகச் செய்தார்களோ என்னவோ! அதில் சின்னப் பிள்ளைகளுக்கான பாடம் ஒன்று உண்டு. ஒரு எழுத்தை அழுத்தினால் அதன் சத்தம் கேட்கும். டீச்சர் விரும்பினால் அந்த இடத்தில் தன் குரலையே பதிந்துவைக்கலாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் வெண்கலம் அதன் எதிரே உட்கார்ந்து கத்தினார். எழுத்துக்கு ஒரு வண்டி, வண்டிக்கு ஒரு திட்டு. மிச்சமிருந்த எழுத்துகளில் பஸ் ஸ்டாண்டில் அவர் வழக்கமாகப் போடும் மற்ற சத்தங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டையோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டு நல்ல வார்த்தையும் பதிஞ்சு வைங்களேன்," என்றாள் மனைவி.

"நல்ல வார்த்தைக்கு எந்த டிரைவர்டி வண்டி எடுக்கறான்?"

உடம்பு தேறி, கழுத்தில் துணியோடு அவர் வேலைக்குத் திரும்பியபோது அங்கே ஒரு புது மேனேஜர் இருந்தார். வாயைத் திறந்தால் தேன்தான், உள்ளேதான் விஷயம் வேறு.

"ஐயா, நீங்க இனிமே ஸ்டோர் ரூம்ல நிம்மதியா உக்காருங்க. பேச முடியாதவங்களை இந்த சீட்ல வெச்சு என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

நீங்களே சொல்லுங்களாம்! சொல்ல வாய் இல்லாதவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பழமொழி சொன்ன மகராசன், வாய் போன பிள்ளை எப்படிப் பிழைக்கும் என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டான். பழைய டயர்களுக்கு நடுவே தானும் ஒரு டயராகக் கிடக்க வெண்கலம் தயாராக இல்லை.

மறுநாள் காலை மில் வண்டியின் முன்சீட்டில் அந்தப் பெட்டி ராஜா மாதிரி வந்து இறங்கியது. மில் வண்டி டிரைவர் ஒரு பக்கம், வெண்கலம் ஒரு பக்கம் பிடித்து, அவர் உட்கார்ந்து கூவும் கண்ணாடிக் கூண்டு அறையின் மேசையில் வைத்தார்கள். வெண்கலம் அதன் ஒயரை வெளியே இருந்த குழாய் ஸ்பீக்கரோடு இணைத்தார். ஒரு விரல்தான் வைத்தார்.

"ஆஸ்பத்திரி வண்டி! நோயாளி தானா நடந்தே போயிடுவாரு போலிருக்கு, கிளம்புய்யா!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. டிரைவர் அடித்துப் பிடித்து ஏறினார். சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

மேனேஜர் விடுவிடுவென்று வந்தார். "என்ன கூத்து இது?" என்று பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது.

வெண்கலத்துக்கு உயிரே போயிற்று. வயசான பெட்டி, இப்படி வெடுக்கென்று பிடுங்கினால் திரும்ப எழுந்திருக்காமலே போகலாம் என்று மகள் எச்சரித்திருந்தாள். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. போனால் இரண்டாம் முறையாக, ஒரேயடியாகப் போகும்.

மேனேஜர் மைக்கை எடுத்தார். "மார்க்கெட் வண்டி ஓட்டுநர் தயவுசெய்து புறப்படவும்."

மார்க்கெட் வண்டி அசையவில்லை.

"தயவுசெய்து..."

"காதுல விழலையே சார்," என்றார் டிரைவர் ஜன்னல் வழியாக. அடுத்த வண்டிக்காரருக்கும் விழவில்லை. திடீரென்று அத்தனை பேருக்கும் காது மந்தமாகிவிட்டது. கூடை வைத்திருந்த பெண்கள் மேனேஜரைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம்!" என்றாள் ஒருத்தி.

மேனேஜர் மைக்கை வைத்துவிட்டு நேராகப் போய் மார்க்கெட் வண்டியின் முன்னால் நின்றார். "எடுக்கப் போறியா இல்லையா?"

வெண்கலம் கீழே குனிந்து பிளக்கை மறுபடி சொருகினார். பெட்டி முனகியது, டொக் டொக் என்றது, பிறகு அந்தச் சத்தமும் நின்றது. அவர் அதன் தலைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வாடா, வந்துடுடா, என்று உள்ளே கதறினார். திரையில் மெல்ல வெளுப்பு பரவியது. பிள்ளைகளின் பாடம் திறந்தது.

மார்க்கெட் வண்டிக்கான எழுத்தின் மேல் விரல் போனது. கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். விரலை நகர்த்தி, வேறொரு எழுத்தை அழுத்தினார்.

"யாருய்யா அது வண்டிக்குக் குறுக்க நிக்கறது? ஓரமா போய்யா!"

மேனேஜர் ஓரமாகப் போனார்.